விலகிப் போன 13 பேரைத் தேடிப் போனன்

நான் இருக்கிறது ரொறன்ரோ ஸ்காபரோவில, செய்யிறது எவாலுவேசன் வேலை. அதாவது ஒரு திட்டத்துக்கு அரசாங்கமோ ஒரு பவுண்டேசனோ காசு குடுக்கும், அந்தக் காசால ஆருக்கு என்ன நடந்தது எண்டு வெளி ஆளா நிண்டு பாத்து எழுதிக் குடுக்கவேணும். 15 வருசமாச் செய்யிறன். 2022 இல கிடைச்ச ஒரு வேலையைப் பற்றித்தான் எழுதப்போறன், ஏனெண்டா அதுக்குப் பிறகு நான் வேலை செய்யிற விதமே மாறிப்போச்சு, இந்தத் துறைக்குப் புதுசா வாற எங்கட பிள்ளையள் கன பேர் கேக்கினம், எல்லாருக்கும் தனித்தனியாப் போனில சொல்லி முடியேல்லை.

கறுப்பினப் பெண்கள் நடத்திற சின்னத் தொழில்களுக்கு உதவுற ஒரு புரோகிராம் அது. நடத்தினது ஒரு சின்ன அமைப்பு, பேர் சொல்லேல்லை. 12 கிழமை வகுப்பு, கிழமையில ரெண்டு நாள், பின்னேரம் 6 மணியில இருந்து 9 மட்டும், இடம் டவுன்ரவுன். கணக்கு வைக்கிறது, விலை போடுறது, இன்ஸ்டகிராமில விளம்பரம் செய்யிறது, பாங்கில போய் எப்பிடிக் கதைக்கிறது, இப்பிடியான விசயங்கள். ஒவ்வொருத்தருக்கும் ஒரு மென்ரர், அதாவது வழிகாட்டி. முழுசா முடிச்சால் கடைசியில 2,500 டொலர் கிராண்ட். 40 பேர் சேந்தவை, 27 பேர் முடிச்சவை.

இந்த மாதிரித் திட்டங்கள் கனடாவில கூடினது 2020 க்குப் பிறகுதான். அந்த வருசம் செப்டெம்பரில மத்திய அரசாங்கம் கறுப்பினத் தொழில் முயற்சியாளர்களுக்கெண்டு ஒரு பெரிய திட்டம் அறிவிச்சது, பாங்குகளின்ர பங்கோட சேத்து 221 மில்லியன் டொலர் வரைக்கும். அப்ப அதில அறிவிச்ச கடன் 25,000 இல தொடங்கி 250,000 வரை. ஓரளவு வளந்து நிக்கிற தொழிலுக்கு அது தேவையான காசு. ஆனா நான் சந்திச்ச பெண்களில கூடப் பேருக்குத் தேவைப்பட்டது ரெண்டாயிரம், அஞ்சாயிரம், மிஞ்சினால் எண்ணாயிரம், ஒரு நல்ல கதிரை வாங்க, ஒரு பிறீசர் வாங்க, கடை வாடகைக்கு முற்பணம் கட்ட. ஸ்ராட்டிஸ்டிக்ஸ் கனடா 2018 ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்கின்படி கறுப்பினத் தொழில் உரிமையாளர்களில பத்தில மூண்டு பேர்தான் பெண்கள். அந்த மூண்டு பேருக்கெண்டு தனிய ஒரு திட்டம் தேவை எண்டதில எனக்குச் சந்தேகமே இருக்கேல்லை, இப்பவும் இல்லை.

முதல் மீற்றிங்கில ஒருங்கிணைப்பாளர், அவாவும் ஒரு கறுப்பினப் பெண்தான், பேர்சில இருந்து ஒரு பத்து டொலர் தாளை எடுத்து மேசையில வைச்சா. "இவா ஆர் எண்டு தெரியுமோ?" எண்டு கேட்டா. வயோலா டெஸ்மண்ட், தியேட்டரில வெள்ளைக்காரர் இருக்கிற பக்கத்தில இருந்து எழும்ப மாட்டன் எண்டு சொன்னதுக்காகப் பொலிஸ் பிடிச்ச ஆள் எண்டு சொன்னன். "அது எல்லாருக்கும் தெரியும், அவா ஏன் அந்த ஊருக்குப் போனவா எண்டு தெரியுமோ?" எண்டா. எனக்குத் தெரியாது. ஒருங்கிணைப்பாளர்தான் சொன்னா: வயோலா ஹாலிபாக்சில பிறந்தவா, அங்க அழகுக்கலை பள்ளிக்கூடத்தில கறுப்பினப் பெண்களை எடுக்காததால மொன்றியலுக்கும் அமெரிக்காவுக்கும் போய்ப் படிச்சு வந்து சொந்தமா சலூன் திறந்து, தன்னை மாதிரிப் பெண்களுக்கு ஒரு பள்ளிக்கூடமும் திறந்து, தன்ர பேரிலையே பவுடரும் கிறீமும் வித்தவா. 1946 நவம்பரில வியாபார விசயமா போகேக்க கார் பழுதாகி நியூ கிளாஸ்கோவில ஒரு இரவு நிக்கவேண்டி வந்த இடத்திலதான் அந்தத் தியேட்டர். வழக்குப் போட்டது எதுக்கெண்டா கீழ் இருக்கைக்கும் பல்கனிக்கும் இருந்த வரி வித்தியாசம், ஒரு சதம். பிறகு அவா அந்தத் தொழிலையே மூடிப்போட்டு ஹாலிபாக்சை விட்டுப் போயிட்டா. "நீங்கள் எழுதப்போற றிப்போட்டில எங்கட பெண்களை ஒண்டும் தெரியாம இப்பதான் தொடங்கிற ஆக்கள் மாதிரி எழுதிப்போடாதேங்கோ" எண்டு ஒருங்கிணைப்பாளர் சொன்னா. நான் தலையாட்டினன். எட்டு மாசம் கழிச்சு நான் அதைத்தான் செய்தன், அதைப் பிறகு சொல்லுறன்.

எங்களைக் கூப்பிட்டதே பிந்தித்தான். வகுப்பெல்லாம் முடிஞ்சு, காசு குடுத்த இடத்துக்கு றிப்போட் குடுக்கவேணும் எண்டு வந்த பிறகு கூப்பிட்டவை. சேரேக்க அவையின்ர விற்பனை எவ்வளவு, மாசம் எவ்வளவு கையில மிஞ்சினது எண்டு ஆரும் எழுதி வைக்கேல்லை. விண்ணப்பப் போர்மில இருந்தது பேர், தொழில், "உங்கள் கனவு என்ன" இவ்வளவுதான். கனவை வைச்சு நான் என்னத்தை அளக்கிறது? அதால பின்னுக்குப் போய்த்தான் கணக்கை எடுத்தம். இப்பிடியான தொழிலில கூடுதலாக் காசு வாறது ஈ-ட்ரான்ஸ்பரில, அது சொந்த பாங்க் எக்கவுண்டுக்குத்தான் வரும், அப்ப அவையோடையே பக்கத்தில இருந்து போனில பழைய ஸ்டேட்மென்றைத் திறந்து, இது தலை பின்னின காசு, இது தங்கச்சி அனுப்பின காசு எண்டு பிரிச்சுப் பிரிச்சு எழுதினம். ஒராளுக்கு ரெண்டு மணித்தியாலம் எடுத்தது. தொடக்கத்திலையே ஒரு பக்கப் போர்மில நாலு கேள்வி கேட்டிருந்தால் பத்து நிமிசத்தில முடிஞ்சிருக்கும். புரோகிராம் தொடங்க முதல் எவாலுவேற்றரைக் கூப்பிட வசதியில்லையெண்டாலும் பரவாயில்லை, இந்த நாலையும் எழுதி வையுங்கோ: போன மூண்டு மாசத்தில வந்த காசு, போன காசு, கிழமைக்கு எத்தினை மணித்தியாலம் வேலை, உங்களுக்கெண்டு நீங்கள் எடுத்த சம்பளம்.

அந்த நாலாவது கேள்விதான் எனக்கு முக்கியம். காசு குடுத்த இடம் தந்த போர்மில "எத்தனை வேலைவாய்ப்புகள் உருவாகின" எண்டொரு பெட்டி இருந்தது. தனி ஆளாத் தொழில் செய்யிற பெண் ஒருத்தி 12 கிழமையில இன்னொராளை வேலைக்கு எடுக்கமாட்டா, எடுத்தால் அது பெரும்பாலும் ஆபத்து. அவான்ர தொழில் நிமிருது எண்டதுக்கு முதல் அடையாளம் அவா தனக்கெண்டு ஒரு சம்பளம் எடுக்கத் தொடங்கிறது. இன்னொரு அடையாளம் எச்.எஸ்.ரி எண்ட விற்பனை வரி. ஒன்ராறியோவில நாலு காலாண்டில விற்பனை 30,000 டொலரைத் தாண்டினால் பதிஞ்சு 13 வீதம் வரி வாங்கிக் கட்டவேணும். கன பேர் அந்தக் கோட்டுக்குக் கீழ நிக்கிறதுக்காகவே வாற ஓடரைத் திருப்பி விடுகினம், வரிக்குப் பயந்தில்லை, அந்தப் பேப்பர் வேலைக்குப் பயந்து. புரோகிராம் முடிய ஆரார் துணிஞ்சு பதிஞ்சவை எண்டு பாத்தால் அது ஒரு நல்ல அளவுகோல். எட்டுப் பேர் பதிஞ்சவை. நான் அதை றிப்போட்டின்ர முதல் பக்கத்தில போட்டன், வேலைவாய்ப்புப் பெட்டியில உள்ளதைக் கீழ போட்டன்.

முடிச்ச 27 பேரிட்டையும் வழமையான திருப்திக் கேள்வி கேட்டாச்சு. ஒண்டில இருந்து அஞ்சு வரை. எல்லாமே அஞ்சு. எனக்கு அதைப் பாக்கச் சந்தோசம் வரேல்லை, யோசினைதான் வந்தது. பிறகு ஒராள் சொன்னா, "நான் குறைச்சுப் போட்டால் அடுத்த வருசம் காசு தரமாட்டினம், எங்களுக்கெண்டு இருக்கிறது இது ஒண்டுதான், அதையும் நான் கெடுக்கிறதோ?" இது எங்களுக்கும் தெரிஞ்ச மனநிலைதானே. அதால நான் இப்ப இந்த ஒண்டு ரெண்டு மூண்டு கேக்கிறதில்லை. "உங்கட தங்கச்சி சேரப்போறன் எண்டு வந்தால் அவவுக்கு என்ன சொல்லிக் குடுப்பியள்?" எண்டு கேக்கிறன். அப்பதான் உண்மை வரும்: முதல் மாச வகுப்பு எல்லாருக்கும் தெரிஞ்சது, அதுக்குப் போகாத, விலை போடுற வகுப்பை மட்டும் விடாத, மென்ரர் சரிவராட்டி உடனயே மாத்தித் தரச்சொல்லிக் கேள்.

இனி அந்த 13 பேர். அமைப்பின்ர பைலில அவையின்ர பேருக்கு நேர "தனிப்பட்ட காரணம்" எண்டு எழுதியிருந்தது. 13 பேருக்கும் அதே ரெண்டு சொல்லு. அவையைத் தேடுறது எவாலுவேசன் பட்ஜெட்டில இல்லை, நான் என்ர நேரத்தில தேடினன், ஒரு மாசம் எடுத்து 11 பேரைப் பிடிச்சன்.

அதில ஒரு ஆன்ரி எக்ளின்ரன் வெஸ்டில தலை பின்னுற சலூன் வைச்சிருக்கிறா. லிட்டில் ஜமேக்கா எண்டு சொல்லுற பகுதி, 2011 இல எல்.ஆர்.ரி எண்ட இலகு ரயில் பாதை போடத் தொடங்கி பத்து வருசத்துக்கு மேல றோட்டைக் கிண்டி மறிச்சு வைச்சிருந்ததில எத்தினையோ சலூனும் சாப்பாட்டுக் கடையும் மூடுப்பட்ட இடம். நான் 45 நிமிசம் இன்ரவியூ எண்டு கேட்டன். "இருந்து கதைக்க எனக்கு நேரம் இல்லை, வேலை செய்துகொண்டு கதைக்கிறன், வா" எண்டா. போய் ஒரு ஸ்டூலில இருந்தன். ஒரு பிள்ளைக்குப் பின்னத் தொடங்கினவா, நான் வெளிக்கிடேக்க மூண்டரை மணித்தியாலம், பின்னல் பாதிதான் முடிஞ்சிருந்தது. ஒரு தலைக்கு ஆறு மணித்தியாலம், 180 டொலர்.

அந்த மூண்டரை மணித்தியாலத்தில அவா எனக்கு ஒரு கணக்குச் சொல்லித் தந்தா. வகுப்பு 3 மணித்தியாலம், போய்வர 3 மணித்தியாலம், ஏனெண்டா அவா இருக்கிறது ஸ்காபரோவில மல்வேர்ன் பக்கம், கடையைப் பூட்டி டவுன்ரவுன் போய், அங்கயிருந்து இரவு பஸ்ஸும் சப்வேயும் மாறி வீட்டை வரவேணும். ஆக ஒரு வகுப்பு எண்டா 6 மணித்தியாலம், ஒரு தலை. 24 வகுப்பு, 24 தலை. 24 ஐ 180 ஆல பெருக்கினால் 4,320 டொலர். அதுக்குக் கடைசியில கிடைக்கிறது 2,500. அதுவும் முழுசா வந்தால்தான். "நான் படிக்க விருப்பமில்லாமல் விடேல்லை, எனக்கு அது கட்டுப்படியாகேல்லை" எண்டா.

நான் அப்பிடியே இருந்தன். அதுவரைக்கும் நான் எழுதின எந்த றிப்போட்டிலையும் பயனாளி குடுத்த நேரத்துக்கு ஒரு விலை போட்டது கிடையாது. காசு குடுத்த இடம் எவ்வளவு செலவழிச்சது, அமைப்பு எவ்வளவு செலவழிச்சது எண்டு சதக்கணக்கில எழுதுவம், வந்து இருந்த பெண் என்னத்தை இழந்து வந்தவா எண்டு ஒரு வரியும் இருக்காது. வீட்டை வந்து எல்லாரின்ர கணக்கையும் இந்த மாதிரிப் போட்டுப் பாத்தன். கேற்றரிங் செய்யிற ஆக்களுக்கு வியாழக்கிழமை வகுப்பெண்டா வெள்ளி, சனி ஓடருக்கு ஆயத்தம் செய்யிற நாள் போச்சு. சின்னப் பிள்ளை வைச்சிருக்கிற ஆக்களுக்கு டேகெயார் 6 மணியோட பூட்டு, வகுப்பு 6 மணிக்குத் துவங்குது, பிள்ளையைப் பாக்க ஆளுக்குக் காசு குடுக்கவேணும். விலகினவையில நான் பிடிச்ச 11 பேரில 9 பேருக்கு வகுப்பால நட்டம். முடிச்சவையிலையும் கன பேருக்கு நட்டம்தான், வீட்டில இன்னொரு சம்பளம் இருந்தபடியா தாக்குப்பிடிச்சிருக்கினம். அப்ப "27 பேர் முடிச்சவை" எண்ட எண்ணிக்கை அவையின்ர கெட்டித்தனத்தைக் காட்டேல்லை, ஆருக்குப் பின்னால இன்னொரு வருமானம் இருந்தது எண்டதைத்தான் காட்டினது.

அந்த ஆன்ரிதான் எனக்கு இன்னொண்டையும் காட்டினவா. எங்கட கேள்விக்கொத்தில "வெளியில இருந்து நிதி கிடைச்சதோ" எண்டு கேட்டதுக்கு எல்லாரும் இல்லையெண்டு எழுதியிருந்திச்சினம். நான் சலூனில இருக்கேக்க ஒரு பெண் வந்து ஒரு என்வலப்பைக் குடுத்திட்டுப் போனா. கேட்டன். "பார்ட்னர்" எண்டா. ஜமேக்காக்காரர் பார்ட்னர் எண்டும் ட்ரினிடாட் ஆக்கள் சூசூ எண்டும் சொல்லுறது, 12 பேர் மாசம் 200 போட்டு ஒவ்வொரு மாசமும் ஒராள் 2,400 எடுக்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது கண்ணீரும் வந்தது, ஏனெண்டா இது எங்கட சீட்டுத்தானே! என்ர அம்மா மொன்றியலில இறங்கின முதல் வருசமே சீட்டுக் கட்டித்தான் எங்களுக்கு விண்டர் ஜக்கெற் வாங்கினவா. நான் சீட்டுக் காசில வளந்த பிள்ளை, ஆனா கேள்வி எழுதேக்க "நிதி" எண்டால் பாங்க் எண்டுதான் எழுதினன். ரொறன்ரோ பல்கலைக்கழக ஸ்காபரோ வளாகத்தில கரோலின் ஷெனாஸ் ஹொசைன் எண்ட பேராசிரியர் இதைப் பற்றிக் கன காலமா ஆராயிறா, இப்பிடிக் காசு சேக்கிற கறுப்பினப் பெண்களை "பேங்கர் லேடீஸ்" எண்டு சொல்லுறவா. திரும்பப் போய்க் கேட்டதில பாதிக்கு மேற்பட்ட ஆக்கள் ஏதோ ஒரு பார்ட்னரிலையோ சூசூவிலையோ இருந்தவை, முதல் கதிரை, முதல் அடுப்பு, கடை முற்பணம் எல்லாம் அதிலதான் வந்திருக்கு. கேள்வி எழுதிறவை "உங்களுக்குள்ள சேத்த காசு" எண்டு ஒரு வரியைத் தனியச் சேருங்கோ, அதுவும் அவை சொல்லுற சொல்லிலையே.

சொல்லக் கஷ்டமான ஒண்டு. விலகின ஒராள், இளம் பெண், மல்வேர்னிலையே பிறந்து வளந்தவா, பக்கத்து வீடு தமிழ் வீடு. என்ர பேரைப் பாத்திட்டு, "உங்கட ஆக்கள் எங்களைச் சொல்லுற சொல்லு எனக்குத் தெரியும்" எண்டு அந்தச் சொல்லைத் தமிழிலையே சொன்னா. நான் அதை இதில எழுதேல்லை, வாசிக்கிற எங்கட ஆக்களுக்கு விளங்கும். நான் மழுப்பேல்லை. என்ர வீட்டிலையும் அது புழங்கினது, சின்னனில நானும் சொல்லியிருக்கிறன், இப்ப சொல்லவிடுறதில்லை எண்டு சொன்னன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டு, "சரி, கேள்" எண்டா. ஆனா எல்லாரும் என்னோட மனம் திறந்து கதைக்கவேணும் எண்டு நான் எதிர்பாக்கிறது நியாயமில்லை. அதுக்குப் பிறகு புரோகிராம் முடிச்ச ஒரு பெண்ணை மணித்தியாலத்துக்கு 35 டொலர் சம்பளத்தில சேத்து, கூடுதலான இன்ரவியூவை அவாவையே செய்யவிட்டம். என்னட்டை வராத கதையள் அவாவிட்டை வந்தது. தன்னார்வமா செய்யச்சொல்லிக் கேக்காதேங்கோ, சம்பளம் குடுங்கோ. இன்ரவியூ குடுக்கிற ஆளுக்கும் காசு குடுங்கோ, நாங்கள் ஒராளுக்கு 75 டொலர் குடுத்தம்.

விற்பனை கூடினதோ எண்டால், கூடினது. ஆனா அது 2022, லொக்டவுன் எல்லாம் எடுபட்டு ஆக்கள் திரும்ப சலூனுக்கும் கலியாணத்துக்கும் போகத் தொடங்கின நேரம், ஆருக்குத்தான் கூடேல்லை. விண்ணப்பம் போட்டு இடம் கிடைக்காமல் வெயிற்றிங் லிஸ்டில நிண்ட 20 பேரிட்டையும் அதே கேள்வியைக் கேட்டம். அவையின்ர விற்பனையும் கிட்டத்தட்ட அதே அளவு கூடியிருந்தது. ஒருங்கிணைப்பாளருக்கு முகம் வாடிப்போச்சு. ஆனா வித்தியாசம் வேற இடத்தில தெளிவா இருந்தது: வகுப்புக்கு வந்தவையில கூடப் பேர் தொழிலுக்குத் தனி எக்கவுண்ட் திறந்து, விலையை ஏத்தியிருந்திச்சினம், வெயிற்றிங் லிஸ்டில ஒண்டிரண்டு பேர்தான். அதோட வகுப்பில சந்திச்ச ஆக்கள் ஒராளுக்கொராள் வேலை குடுத்துக்கொண்டிருந்திச்சினம், கேக் செய்யிறவா தலை பின்னிறவாவை மணப்பெண்ணுக்குக் காட்டிவிடுறா, இப்பிடி. இருபது பேரைக் கொண்டு இதுதான் காரணம் எண்டு அடிச்சுச் சொல்லேலாது, அதையும் அப்பிடியே எழுதினம்.

இனி நான் செய்த பிழை. வரைவு றிப்போட்டைக் காசு குடுத்த இடத்துக்கு அனுப்ப முதல் பங்குபற்றின ஆக்களுக்கு வாசிச்சுக் காட்டவேணும் எண்டு ஒருங்கிணைப்பாளர் சொன்னா. ஒன்ராறியோவில கறுப்பினச் சமூகங்களிட்டை எடுக்கிற சுகாதாரத் தரவு ஆற்ற பொறுப்பில இருக்கவேணும் எண்டு 2021 இல கறுப்பின நிபுணர்கள் எழுதின ஈ.ஜி.ஏ.பி எண்ட கட்டமைப்பு ஒண்டு இருக்கு, நாங்கள் அதை இதுக்கும் எடுத்தம். ஒரு ஞாயிறு பின்னேரம் 30 பேர் வரை வந்திச்சினம், விலகினவையும் வந்தவை. நான் வாசிச்சுக்கொண்டு போக, "பங்குபற்றியவர்களின் நிதி அறிவு ஆரம்பத்தில் குறைவாக இருந்தது" எண்ட வரியில அந்த எக்ளின்ரன் ஆன்ரி கை உயத்தினா. "19 வருசமா 12 பெண்களின்ர காசு என்ர கையில இருக்கு, ஒரு சதம் துலைஞ்சதில்லை, ஒருத்தருக்கும் ஒருநாள் பிந்தினதில்லை. எனக்கு எந்த அறிவு குறைவு?" எண்டு கேட்டா. சத்தம் போட்டுக் கேக்கேல்லை. எனக்கு அந்தப் பத்து டொலர் தாள்தான் கண்ணுக்கு முன்னால வந்தது.

அந்த வரியை அங்கயே எடுத்தம். எல்லாரும் சேந்து எழுதின புது வரி: "இவர்களின் நிதி ஒழுங்கு வங்கிகள் பார்க்கிற இடத்தில் பதிவாகவில்லை." கருத்து வேற, அதால பரிந்துரையும் வேற. முதல் நான் எழுதின பரிந்துரை நிதி அறிவு வகுப்பைக் கூட்டுறது. மாத்தினது, பார்ட்னர் கட்டின வரலாற்றை ஒரு கிறெடிட் யூனியன், அதாவது கூட்டுறவு வங்கி, ஏத்துக்கொள்ளுமோ எண்டு கதைச்சுப் பாக்கிறது.

ரெண்டாவது சுற்றில சில விசயம் மாறினது. வகுப்பு திங்கக்கிழமை, கன சலூன் பூட்டியிருக்கிற நாள். இடம் மல்வேர்ன் பக்கம். பிள்ளையளைப் பாக்க ஆள். 24 வகுப்பு 14 ஆச்சு. 2,500 டொலரில பாதி முதல் கிழமையிலையே கையில. விலகின 13 பேரில அஞ்சு பேர் திரும்ப வந்தவை, ஆன்ரி வரேல்லை, எனக்கு இனி நேரம் இல்லை எண்டிட்டா, ஆனா விலை போடுற வகுப்புக்கு ஒருநாள் வந்து தான் எப்பிடி விலை சொல்லுறன் எண்டு மற்றவைக்குப் படிப்பிச்சா, அதுக்கு அமைப்பு அவாவுக்குச் சம்பளம் குடுத்தது. கிறெடிட் யூனியனோட கதை நடந்தது, முடிவுக்கு வரேல்லை.

இப்ப பிராம்ப்டனில ஒரு வேலைக்குக் கேட்டிருக்கினம், வீட்டில சமைச்சு விக்கிற மேற்கு ஆபிரிக்கப் பெண்களுக்கான புரோகிராம். முதல் போன் கோலிலையே விலகிப் போன ஆக்களின்ர லிஸ்டைத் தாங்கோ எண்டு கேட்டன். அப்பிடியொரு லிஸ்ட் வைக்கிறேல்லை எண்டு சொல்லிச்சினம். வாற செவ்வாய்க்கிழமை அவையின்ர பழைய வருகைப் பதிவைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறன், முதல் கிழமையில இருந்து ஒவ்வொரு பேராப் பாத்து அந்த லிஸ்டைப் போடப்போறம்.